அசன்பேயும் ஒராபி பாஷாவும்: நகர உயர்குழாமும் தேசியவாதமும் பற்றிய ஒரு நோக்கு

ஈழத்துத் தமிழ் நாவல் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பலரும் அறிஞர் சித்திலெப்பையின் 'அசன்பேயுடைய கதை'யிலிருந்தே தொடங்குவர். 1885இல் வெளிவந்த இந்நூலே ஈழத்தின் முதலாவது தமிழ் நாவல் என்பதும், 1879இல் வெளியான 'பிரதாப முதலியார் சரித்திர'த்தை அடுத்துத் தோன்றியது என்பதும் திரும்பத் திரும்பக் கூறப்பட்டுள்ளன. 'முதல்' என்ற பட்டத்தைச் சூட்டியதோடு ஆய்வாளர் கடமை முடிந்துவிடுவதாகக் கருதும் போக்கு தமிழ்த் திறனாய்வுலகில் புதிதன்று. அதனாலேயே அடிப்படையான வினாவொன்று கேட்கப்படாமல் நின்றுவிட்டது. கண்டியிலே பிறந்து, சட்டத் தொழில் பயின்ற ஒருவர், புதியதோர் இலக்கிய வடிவத்தைத் தமிழில் கையாள முற்பட்டபோது, தம் கதாநாயகனைக் கெய்ரோ நகரின் உயர்குடியொன்றிலே பிறக்கச் செய்தது ஏன்?

இவ்வினாவுக்கான விடையை நாவலுக்கு உள்ளே மட்டும் தேடுதல் பயன்தராது. நூல் வெளிவருவதற்கு இரண்டாண்டுகளுக்கு முன்னர், 1883 ஜனவரியில், எகிப்திலிருந்து நாடு கடத்தப்பட்ட ஒராபி பாஷாவும் அவர்தம் தோழர் அறுவரும் குடும்பத்தினருடன் கொழும்புத் துறைமுகத்தில் வந்திறங்கினர். அதற்கு முந்திய மாதத்திலேதான் சித்திலெப்பையின் 'முஸ்லிம் நேசன்' வார இதழ் தொடங்கப்பட்டிருந்தது. வந்தவரை வரவேற்பதில் கொழும்புச் சோனகர் காட்டிய ஆர்வம் பெரிது. அவ்வெழுவருள் ஒருவரான மஹ்மூத் சாமி அல்பாரூதி, நவீன அறபுக் கவிதையின் முன்னோடியாக இன்று போற்றப்படுபவர். தமது பிற்காலக் கவிதைகள் பலவற்றை அவர் இத்தீவிலிருந்தே எழுதினார். தமிழ் எழுத்தாளர் ஒருவர் தம் முதல் நாவலை எழுதிய ஆண்டுகளில், அறபுக் கவிதையை மறுமலர்ச்சியுறச் செய்தவர் இதே தீவில் வாழ்ந்தார் என்பதை இலக்கிய வரலாறுகள் போதிய அளவு மனங்கொள்ளவில்லை.

ஒராபி யார் என்பதை இங்குத் தெளிவுபடுத்திக் கொள்ளல் வேண்டும். 'பாஷா' என்ற பட்டம் அவரைப் பிரபுவாக எண்ணச் செய்யும். ஆனால் அவர் நைல் வடிநிலத்துச் சிற்றூரொன்றில் 1841இல் பிறந்த கமக்காரர் குடும்பத்து மகன். எகிப்தியப் படையின் உயர் பதவிகளைத் துருக்கிய, சர்க்காசிய வம்சத்தினரே வைத்திருந்த காலத்தில், உள்ளூர்ச் சிப்பாய்களின் மனக்குறையே அவரது அரசியலின் ஊற்றுக்கண்ணாயிற்று. 1875இல் கெதீவ் இஸ்மாயில் சுயஸ் கால்வாய்க் கம்பனியில் எகிப்துக்கிருந்த பங்குகளைப் பிரித்தானியாவுக்கு நாற்பது இலட்சம் பவுணுக்கு விற்றார். அடுத்த ஆண்டிலேயே நாட்டின் வரவு செலவு பிரித்தானிய, பிரெஞ்சுக் கண்காணிப்பாளர் கைக்குச் சென்றது. கடன் கொடுத்தோருக்காக வரி கொடுத்தவன் உழவன். 1881 செப்டெம்பரில் ஒராபி தம் படையினருடன் ஆப்தீன் அரண்மனை முன்றலில் நின்று கெதீவிடம் கோரிக்கை வைத்தபோது, 'எகிப்து எகிப்தியருக்கே' என்ற குரலுக்குப் பின்னால் இத்தனையும் இருந்தன. 1882 ஜூலையில் பிரித்தானியக் கடற்படை அலெக்சாந்திரியாவைக் குண்டு வீசித் தாக்கியது. செப்டெம்பரில் தெல் எல் கபீர்ப் போரில் ஒராபி தோற்றார்.

அப்போர் எதற்காக நடைபெற்றது? கடன்காரரின் நலனோடு கால்வாயின் பாதுகாப்பும் அதற்குக் காரணமாயிற்று. இங்கேதான் கொழும்பு உள்ளே வருகிறது. 1869இல் கால்வாய் திறக்கப்பட்டதன் விளைவாகவே கொழும்பு காலியைப் பின்தள்ளிக் கீழைத்தேயக் கப்பற் போக்குவரத்தின் தலையாய தரிப்பிடமாயிற்று. 1875இல் அத்திவாரமிடப்பட்ட அலைதடுப்பு அணை 1885இல் நிறைவுற்றது. 'அசன்பே' வெளிவந்த ஆண்டும் அதுவே. கப்பலுக்கு நிலக்கரி, கப்பலில் வருவோருக்கு இரத்தினக்கல், தோட்டங்களுக்கு அரிசி, நகருக்குக் கட்டடங்கள் என்று விரிந்த வணிகத்தால் வளம்பெற்றவருள் சோனக வணிகர் முக்கியமானோர். செட்டிமாரும் பிறரும் அவ்வாறே பயனடைந்தனர். பிரித்தானியரின் கையில் பத்திரமாக இருக்கும் சுயஸ் கால்வாயே இவர்தம் செல்வத்தின் வாய்க்கால். ஒராபியைத் தோற்கடித்தவர்களே இவர்களை வாழவைத்தவர்கள் என்பது கசப்பான உண்மை. ஆகவே நாடு கடத்தப்பட்ட வீரரைத் தம் இல்லங்களில் உபசரிக்க இவர்களால் முடிந்தது. அவர் எதற்காக நாடு கடத்தப்பட்டாரோ அதனைத் தமதாக்கிக் கொள்ள இவர்களால் முடியவில்லை. ஒராபியும் தோல்விக்குப் பின் கல்வி முன்னேற்றத்தையே வலியுறுத்தி வாழ்ந்தார். ஆங்கிலேயருக்கு எதிராக இங்கு ஒரு சொல்லும் எழுப்பினாரில்லை.

இப்பின்னணியில் வைத்து நோக்குகையில் நாவலின் கதையமைப்பு புதிய பொருள் பெறுகிறது. குழந்தைப் பருவத்தில் கடத்தப்பட்ட அசன் பம்பாயில் வளர்கிறான். கல்கத்தா சென்று ஆங்கிலக் கல்வியும் ஆங்கில உயர் அதிகாரியரின் ஆதரவும் பெறுகிறான். இடர் பல கடந்து எகிப்துக்கு மீண்டு பெற்றோரை அடைகிறான். இழந்த பிறப்புரிமை மீளக் கிடைக்கிறது. பழங்கதைகளில் வரும் காணாமற்போன அரசகுமாரன் கதைதான் இது என்று கூறிவிடலாம்; வடிவளவில் அது உண்மையே. ஆயின் மீட்சிக்கு வழி எது என்பதில் சித்திலெப்பை பழங்கதையை விட்டு விலகுகிறார். மந்திரக் கிழவியோ தெய்வ அருளோ அசனுக்கு வழிகாட்டவில்லை. ஆங்கிலக் கல்வியும், நன்னடத்தையும், ஆங்கிலேய நட்புமே அவனை உயர்த்துகின்றன. கமக்காரன் மகன் படை திரட்டிய நாட்டிலிருந்து, பிரபு குடும்பத்து மகன் கல்வியால் உயரும் கதை பிறந்தது. எகிப்தைக் கதைக்களமாகக் கொண்ட ஆசிரியர் ஒராபியின் எகிப்தை அதற்குள் கொண்டுவரவில்லை.

இதனைச் சித்திலெப்பையின் குறையெனக் கொள்வது அநீதியாகும். தம் சமூகத்தின் கல்விப் பின்னடைவைக் கண்டு வருந்தி, செல்வரின் ஏச்சுக்கும் ஆளாகிப் பாடசாலைகளை நிறுவப் பாடுபட்ட செயல்வீரர் அவர். 1892இல் மருதானையில் தொடங்கப்பட்டு, பின்னாளில் சாஹிராக் கல்லூரியாக வளர்ந்த கல்விக்கூடத்துக்கு வாப்பிச்சி மரிக்காரின் துணையும் ஒராபியின் ஆதரவும் அவருக்குக் கிடைத்தன. வெளிநாட்டுத் தேசியவாதத்திலிருந்து ஒரு நகர உயர்குழாம் எதனை எடுத்துக்கொள்ளும், எதனை விட்டுவிடும் என்பதே இங்கு ஆராயத்தக்கது.

அறபுலகிலும் நிலைமை முற்றிலும் வேறன்று. சிரியாவில் அறபுத் தேசியவாதத்தின் தோற்றத்தை ஆராய்ந்த ஏர்னெஸ்ட் டோன், பிலிப் கூரி முதலியோர், அது டமாஸ்கஸ் நகரின் நிலவுடைமைக் குடும்பங்களுக்கிடையிலான பதவிப் போட்டியோடு நெருங்கிய தொடர்புடையது என்பர். ஒட்டோமன் நிர்வாகத்தில் பதவி பெற்றோர் பெரும்பாலும் பேரரசின் பக்கம் நின்றனர். பதவி இழந்தோரிடையே 'அறபியர்' என்ற உணர்வு வேகமாகப் பரவிற்று. 1916இல் பெய்ரூத்திலும் டமாஸ்கஸிலும் தூக்குமேடை ஏறியவர்களின் தியாகத்தை இவ்விளக்கம் முழுவதும் அடக்கிவிடாது. எனினும் 'அறபு' என்ற சொல் பதவிக் கோரிக்கையின் மொழியாகவும் இருந்தது என்பதை அது தெளிவாக்குகிறது.

கொழும்பிலும் அச்சொல் அவ்வாறே தொழிற்பட்டது. 1885இல் சட்டநிரூபண சபையிலும், 1888இல் ராயல் ஆசியக் கழகத்தில் வாசித்த கட்டுரையிலும், சோனகர் இனத்தால் தமிழரே என்று பொன்னம்பலம் இராமநாதன் வாதிட்டார். சபையில் தமிழ் பேசுவோர் அனைவருக்கும் தாமே பிரதிநிதியாயிருந்த நிலையில் அவ்வாதம் வெறும் இனவியல் ஆராய்ச்சியன்று. 1889இல் முஸ்லிம்களுக்குத் தனிப் பிரதிநிதித்துவம் வழங்கப்பட்டது. ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் 1907இல் வெளியிட்ட மறுப்பு நூல் சோனகரின் அறபு வம்சாவளியை நிலைநாட்ட முயன்றது. தமிழர் யார், அறபியர் யார் என்ற இவ்வாதம் ஆங்கிலத்தில் நடைபெற்றது என்பது வேடிக்கைக்குரியது. 'அசன்பே'யைத் தமிழில் படித்த சாதாரண வாசகனிடம் எவரும் கருத்துக் கேட்கவில்லை. இரு உயர்குழாங்களின் ஆசனப் போட்டியில் ஏற்பட்ட விரிசல் 1915ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின் இராமநாதன் சிங்களத் தலைவர்களுக்காக வாதாடியபோது ஆழமாயிற்று. அதன் விலையைக் கொடுத்தவர் சபையில் ஆசனம் தேடாதவர்கள்.

துருக்கித் தொப்பியின் கதையையும் இங்குக் குறிப்பிடலாம். 1905இல் முஸ்லிம் வழக்கறிஞர் ஒருவர் தொப்பியணிந்து உச்ச நீதிமன்றத்தில் தோன்றுவது தடுக்கப்பட்டபோது, மருதானைப் பள்ளிவாசலில் பெருங்கூட்டம் கூடியது, போராட்டம் வென்றது. அக்காலக் கொழும்பு முஸ்லிம்களை ஒன்றுதிரட்டிய முதற் பெரும் கிளர்ச்சிகளுள் அது ஒன்று. ஆனால் அத்தொப்பி அறபியருடையதன்று. ஒட்டோமன் சுல்தான் தம் உத்தியோகத்தருக்கு விதித்த உடை. துருக்கி அதனை 1925இல் தடைசெய்தது. எகிப்தில் 1952ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பின், பழைய பாஷாமாரின் சின்னமென அது கைவிடப்பட்டது. கொழும்பில் மானத்தின் அடையாளமாக நின்றது, கெய்ரோவில் அடிமைத்தனத்தின் அடையாளமாயிற்று.

1901இல் ஒராபி தாயகம் திரும்பியபோது அவரை எள்ளிக் கவிதை பாடினார் அரண்மனைக் கவிஞர் அஹ்மத் ஷவ்கி. முஸ்தபா காமில் போன்ற, பிரெஞ்சுக் கல்வி பெற்ற நகரத் தேசியவாதிகளும் அவரை மதித்தாரில்லை. பிரித்தானியரை நாட்டுக்குள் வரவழைத்தவர் என்பதே அவர் மீதிருந்த குற்றச்சாட்டு. 1911இல் அவர் காலமானார். அவரது பெயருக்கு நேர்ந்த இழுக்கைத் துடைத்தவர்கள், அவரைப் போலவே படையில் உயர்ந்த நாசரும் தோழரும். 1956இல் கால்வாய் எகிப்தின் உடைமையாயிற்று.

கொழும்பில் அத்தகைய கேள்வி எழுந்தது பின்னரே, எழுப்பியவர்களும் வேறு. 1961ஆம் ஆண்டுச் சட்டத்தால் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் அமைக்கப்பட்டு, அடுத்த ஆண்டில் ஷெல், எஸ்ஸோ, கல்ரெக்ஸ் கம்பனிகளின் சொத்துக்களில் ஒரு பகுதி கையேற்கப்பட்டது. 1963இல் அமெரிக்கா தன் உதவியை நிறுத்தியது. 1964இல் எண்ணெய் விநியோகம் முழுவதும் அரசின் வசமாயிற்று. கால்வாய் வழியே வந்த கப்பல்களுக்கு நிலக்கரி ஏற்றிய துறைமுகத்திலிருந்து எண்ணெய்க் குழாய்கள் சென்று முடியும் கொலன்னாவைத் தாங்கிகள், ஒராபியின் பெயரால் பள்ளிக்கூடம் வளர்ந்த மருதானையிலிருந்து சில மைல் தொலைவிலேயே நிற்கின்றன.