அலறும் குரலும் அழும் கிதாரும்

'ஆன்மாவின் படுகொலை' என்பது ஞான நூலொன்றின் பெயரன்று; ஓர் இசைத்தட்டின் பெயர். சுவீடன் நாட்டின் கோதென்பர்க் நகரைச் சேர்ந்த 'அட் தி கேட்ஸ்' குழுவினர், இப்பொருள் தரும் 'ஸ்லாட்டர் ஆஃப் தி சோல்' என்னும் ஆங்கிலப் பெயரில் 1995 நவம்பரில் இதனை வெளியிட்டனர். மெலோடிக் டெத் மெட்டல் எனப்படும் வகையைச் சேர்ந்தது. சாவைப் பெயரிலேயே சுமந்து வரும் இவ்விசையை நம்மவருள் பலர் கேளாமலே ஒதுக்கிவிடுவர். கேட்டபின் தீர்ப்பிடுவதே முறை எனக் கருதி, ஏறத்தாழ 34 நிமிடம் ஒலிக்கும் இத்தட்டை நாம் பலமுறை கேட்டோம்.

தோமஸ் லிண்ட்பெர்க் பாடுகிறார் என்பதைவிட அலறுகிறார் என்பதே பொருந்தும். இவ்வகைப் பாடகர் பலரும் அடிவயிற்றிலிருந்து உறுமுவர். இவரது குரலோ தொண்டை கிழிபட்டு மேலெழுகிறது. அதில் சுரமில்லை, இனிமையும் இல்லை. அப்படியாயின் 'மெலோடிக்' என்ற அடைமொழி எதற்கு? விடை கிதாரில் இருக்கிறது. ஆண்டர்ஸ் பியோர்லரும் மார்ட்டின் லார்சனும் ஒரே தந்தியை மேலும் கீழுமாய் அதிவிரைவாக மீட்டி, சுரங்களை அறுபடாத இழையாக ஓடவிடுகின்றனர். ஒருவர் எடுத்த மெட்டை மற்றவர் சற்று மேலான சுரத்தில் உடன்தொடரும் இடங்களில், மேற்கத்திய இசையில் மைனர் எனப்படும் சோகச் சாயல் செவியை நிறைக்கிறது. குரல் சினந்து கத்துகையில் கிதார் அழுகிறது. அழக்கூடாதென்று வளர்க்கப்பட்ட மனிதன் ஒருவனின் கண்ணீரை அருகில் நிற்பவர் வடிப்பது போன்றது இது. இத்தட்டின் உயிர் இந்த முரணில்தான் உள்ளது.

1992-இல் வந்த இவர்களின் முதல் தட்டில் வயலின்கூட உண்டு. ஆனால் பாடல்கள் பின்னிப் பிணைந்து வழி தெரியாமல் திணறின. இங்கே ஒவ்வொன்றும் செதுக்கிச் சுருக்கப்பட்டிருக்கிறது. ஸ்டூடியோ ஃப்ரெட்மனில் ஃப்ரெட்ரிக் நோர்ட்ஸ்ட்ரோம் செய்த ஒலிப்பதிவின் கூர்மையையும் குறிப்பிட்டாக வேண்டும். மூன்றாம் பாடலான 'கோல்ட்' நடுவே, விருந்தினராக வந்த ஆண்டி லாரோக் தனித்து மீட்டும் சில நொடிகள் தட்டின் உச்சம் எனலாம்.

குறையும் உண்டு. ஏழாவது முதல் ஒன்பதாவது வரையுள்ள பாடல்கள் ஒன்றையொன்று ஒத்து ஒலித்துச் சலிப்பூட்டுகின்றன. ஆறாவது பாடல் தற்கொலையைத் தலைப்பிலேயே தாங்கி நிற்கிறது. துயரம் அங்கே முழக்கமாகிவிடுகிறது. முழக்கத்தில் துயரத்தின் ஆழம் தங்குவதில்லை. நொந்த உள்ளத்தோடு தனித்திருக்கும் இளைஞர் கையில் இப்பாடலைத் தர நாம் துணியமாட்டோம்.

திருப்பாடல் 88-உம் இருளிலேயே முடிகிறது. அதன் இறுதி வரியில் ஆறுதல் எதுவுமில்லை. ஆயினும் அப்புலம்பல் ஒருவரை நோக்கி எழுப்பப்படுகிறது. இங்கு எழும் அலறலுக்கோ, கேட்பவர் ஒருவர் உண்டு என்ற நம்பிக்கை இல்லை. அவ்வளவே வேறுபாடு, அது சிறிய வேறுபாடன்று. எனினும் ஆன்மா என ஒன்று இல்லை என்பவன் அதன் கொலைக்காக இவ்வளவு அழமாட்டான் என்றே நமக்குத் தோன்றுகிறது.

1996-இல் குழு கலைந்தது. பின்னர் மீண்டும் கூடி, 2014-இல் அடுத்த தட்டை வெளியிட்டது. லிண்ட்பெர்க் பள்ளி ஆசிரியராகவும் பணியாற்றியவர்; புற்றுநோயால் 2025 செப்டம்பரில், தம் 52-ஆம் வயதில் மறைந்தார்.

பதினொரு பகுதிகளுள் இரண்டில் அவர் குரல் இல்லை. அவற்றுள் ஐந்தாவதான 'இன்டு தி டெட் ஸ்கை' மின்னொலி பெருக்காத கிதாரின் மெல்லிசை. பிள்ளைகளின் அறையில் இத்தட்டைக் கண்டு மனம் பதறும் பெற்றோர், அதைப் பறிக்குமுன் இப்பகுதியையேனும் கேட்கலாம். இரண்டு நிமிடத்துக்குச் சற்றே கூடுதலாகும்.