பரிசுத்த பேட்ரிக்கின் நாளும் பச்சைநிறப் பந்தியும்

மார்ச்சு மாதம் பிறந்ததும் ஓசூர்ச் சபைகளிலுள்ள நம் வாலிபரின் கைப்பேசிகளில் ஒருவகை விளம்பரம் வரத் தொடங்குகிறது. மாநில எல்லைக்கு அப்பால், ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூரின் மதுக்கூடங்களும் உணவகங்களும், மார்ச்சு 17-ஆம் நாளாகிய பரிசுத்த பேட்ரிக் திருநாளுக்கு விடுக்கும் அழைப்பு அது. பச்சைச் சாயமிட்ட பீர், ஆட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் சேர்ந்த அயர்லாந்துக் குழம்பு, விஸ்கி கலந்த காப்பி, பச்சை உடையில் வருவோருக்கு விலைச்சலுகை என்பன அதன் பொருளடக்கம். இதனை ஒரு நூலை மதிப்பிடுவதுபோல் ஆராய்வது இறையியல் மாணவருக்கு வீண்வேலையன்று. இவ்விளம்பரம் ஒரு பரிசுத்தவானின் பெயரைச் சொல்லுகிறது; நம் பிள்ளைகளை ஒரு பந்திக்கு அழைக்கிறது. இரண்டும் நமக்குரிய காரியங்களே.

முதலாவது, வியாபாரிக்கு நியாயம் செய்வோம். வெறுநாளில் வராத கூட்டம் திருநாள் என்றால் வரும். புதிய பண்டமென்றால் விலை பாராது. நண்பரையும் உடன் அழைத்துவரும். அவர் கணக்கு அவ்வளவே. குடியை இந்நாளோடு சேர்த்தவரும் அவரல்லர். இந்நாள் எப்போதும் லெந்து காலத்துக்குள் விழுவதால், அன்று ஒருநாள் மட்டும் நோன்பைத் தளர்த்தி உண்டு குடிக்கும் வழக்கம் அயர்லாந்தில் பழமையானது. அதன் கேட்டைக் கண்ட அந்நாட்டாரே 1927-ஆம் ஆண்டுச் சட்டத்தினால் அன்று மதுக்கடைகளை அடைத்தனர். 1960-களின் தொடக்கம்வரை அத்தடை நீடித்தது. ஆகவே, குடிக்கு எதிரான வழக்கமான பிரசங்கத்தோடு நாம் நின்றுவிட்டால் விளம்பரத்தின் மெய்யான குறையைக் காணத் தவறுவோம்.

அக்குறை, பேட்ரிக் அதில் இல்லாமையே. ஐந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த அவர் அயர்லாந்தில் பிறந்தவருமல்லர். பிரித்தானியாவில் ஒரு தீக்கோனின் மகனாய் வளர்ந்து, ஏறக்குறையப் பதினாறு வயதில் கொள்ளையரால் பிடிக்கப்பட்டு, அயர்லாந்தில் ஆறாண்டுகள் அடிமையாய் மந்தை மேய்த்தார். தப்பிச் சென்றபின், தம்மை அடிமையாக்கிய அதே மக்களிடம் சுவிசேஷத்தோடு திரும்பி வந்தார். அவருடையவை என்று அறிஞர் ஏற்கும் எழுத்துகள் இரண்டு. தம் வாழ்வைக் கூறும் அறிக்கை ஒன்று. புதிதாய் ஞானஸ்நானம் பெற்றோரைக் கொன்றும் விற்றும் ஆதாயம் தேடிய கொரோட்டிக்கஸ் என்பவனுடைய படைவீரரைக் கண்டிக்கும் நிருபம் மற்றொன்று. விளம்பரங்கள்தோறும் வரையப்படும் மூவிலைச் செடி இவ்விரண்டிலும் இல்லை. மனிதரை விற்பதற்கு எதிராக எழுதியவரின் பெயர் இன்று பீர் விற்க உதவுகிறது.

திருநாளின் பிற்கால வரலாறும் அதில் இல்லை. நியூயார்க்கு நகரின் ஊர்வலம் 1762-இல் தொடங்கியது. அதை நடத்தியவர்கள் கடல்கடந்து சென்ற அயர்லாந்தார். 1845-இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் ஏறக்குறையப் பத்து இலட்சம் பேர் மாண்டனர். அதற்குக் குறையாதோர் நாட்டைவிட்டு வெளியேறினர். அந்நிய நகரங்களில் கூலிவேலை செய்த அவர்களுக்கு இந்நாள் ஊரின் நினைவாயிற்று. உப்பிட்ட மாட்டிறைச்சியும் முட்டைக்கோசும் அந்நாளுக்குரிய உணவானதும் அமெரிக்காவில்தான். அங்கே அவர்களுக்கு மலிவாய்க் கிடைத்தவை அவையே. சுருங்கச் சொன்னால், இது பிழைக்கப் போன தொழிலாளரின் பண்டிகை.

இப்பொழுது ஓசூரை நோக்குவோம். 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை எழுந்து, 1980-களில் அசோக் லேலண்ட், டைட்டன் முதலிய ஆலைகள் வந்ததுமுதல் இது பிழைக்க வந்தோரின் ஊர். தென்மாவட்டங்களினின்றும், இன்று பீகார், ஒடிசா, சார்க்கண்டினின்றும் வந்தோர் விடுதி அறைகளிலும் வாடகை வீடுகளிலும் தங்கியிருக்கின்றனர். பிழைக்கச் சென்றோரின் பண்டிகை பிழைக்க வந்தோரின் ஊருக்கு வரும்போது அவர்களிற் பெரும்பாலோரைத் தாண்டிப் போய்விடுகிறது. பொறியாளருக்குப் பெங்களூரின் பச்சைப் பந்தி. ஒப்பந்தத் தொழிலாளிக்கு டாஸ்மாக் கடையின் வாசல். கொரிந்து சபையில் ஒருவர் பசித்திருக்க மற்றொருவர் வெறித்திருந்ததைப் பவுல் கண்டித்தது இவ்விடத்தில் நம் நினைவுக்கு வரவேண்டும்.

ஆனால் பவுல் கண்டித்தது வியாபாரியையன்று, சபையை. தனித்திருக்கும் வாலிபனுக்கு ஒரு பந்தியும் கூட்டாளிகளும் தேவை என்பதை மதுக்கூடம் அறிந்திருக்கிறது. நாமோ ஆராதனை முடிந்ததும் கதவைப் பூட்டிவிட்டு, அவன் எங்கே உண்கிறான் என்று கேளாமற் போகிறோம். 1895-இல் அயர்லாந்தைச் சேர்ந்த ஏமி கார்மைக்கேல் அம்மையார் பெங்களூருக்குத்தான் முதலில் வந்தார். பின்பு டோனாவூரில், கோயில்களுக்கு விடப்படவிருந்த பெண்பிள்ளைகளுக்கு வீடும் பந்தியும் ஆயத்தம்பண்ணினார். பேட்ரிக்கின் நாட்டினின்று நம் திருச்சபை பெற்ற மெய்யான விருந்து அதுவே.

ஆகையால் தொழில் நகரச் சபைகளில் பணியாற்றும் உடன் ஊழியருக்கு நாம் கூறுவது இது. மார்ச்சு 17 மாலையில் சபை மண்டபத்தைத் திறந்து வையுங்கள். லெந்து காலத்துக்கு ஏற்றபடி, இம்மாவட்டத்தின் ராகிக்களியும் கீரைக்குழம்பும் போதும். பச்சைநிறமும் அதில் உண்டு. விடுதிகளிலிருப்போரை, எம்மொழியினராயினும் எம்மதத்தினராயினும், பெயர் சொல்லி அழையுங்கள். உண்டபின், அடிமையாய் மந்தை மேய்த்த ஒரு பையனின் கதையை அவர்களுக்குச் சொல்லுங்கள். அது தங்கள் கதையென அவர்கள் உடனே அறிந்துகொள்வர்.