ஆலிவரும் மைக்கூடும்

சார்லஸ் டிக்கன்ஸ் 1837 முதல் 1839 வரை திங்களிதழொன்றில் தொடர்ந்து எழுதிய ‘ஆலிவர் டுவிஸ்ட்’ என்னும் புதினத்தில் தற்செயல் நிகழ்ச்சிகள் மிகுதி என்பது திறனாய்வாளர் பலர் கூறும் குறை. பிற்பகுதிக்கு அது பொருந்தும். முற்பகுதியில் வரும் தற்செயல் ஒன்றனை மட்டும் யாம் குறையெனக் கொள்ளோம். நூலின் உயிர்நிலையே அதுவென்பது எம் கருத்து.

ஆதரவற்ற குழந்தைகளைக் காக்க அங்கு அமைப்புகள் இல்லாமலில்லை. 1834ஆம் ஆண்டு ஏழையர் சட்டத்தின்வழி நடந்த விடுதி உண்டு; ஆட்சிக்குழு உண்டு; மேற்பார்வையும் உண்டு. ஆலிவரை வளர்க்கும் மான் அம்மையார்க்குக் குழந்தையொன்றுக்கு வாரம் 7½ பென்னி தரப்படுகின்றது. அதிற் பெரும்பகுதியை அவரே எடுத்துக்கொள்கின்றார். குழுவினர் பார்வையிடச் செல்வர். ஆனால் முன்னாளே பம்பிள் என்னும் சேவகரை அனுப்பித் தம் வருகையை அறிவித்துவிடுவர். அவர்கள் காணும்போது பிள்ளைகள் தூய்மையாகவே இருப்பர். வேறென்ன வேண்டும்!

பின்னர், ஆலிவரைத் தொழில் பழக ஏற்பார்க்கு 5 பவுன் தருவதாக விளம்பரம் செய்கின்றனர். புகைபோக்கி துடைக்கும் காம்ஃபீல்டு முன்வருகின்றான். அத்தொழிலின் கொடுமையைக் குழுவினர் அறியாதவரல்லர்; அதனையே காரணங்காட்டித் தொகையை 3 பவுன் 10 ஷில்லிங்காகக் குறைக்கின்றனர். ஒப்பந்தத்தில் கையொப்பமிட வேண்டிய முதிய நடுவரோ பார்வை மங்கியவர். மைக்கூட்டைத் தேடுகையில் அவர் கண் ஆலிவரின் அஞ்சிய முகத்தில் படுகின்றது. கையொப்பம் நின்றுவிடுகின்றது. மைக்கூடு அவர் எண்ணிய இடத்தில் இருந்திருப்பின் சிறுவன் காம்ஃபீல்டுடன் சென்றிருப்பான். சட்டம் வைத்த காவலர் ஒருவர் அங்கிருந்தும், அவர் குழந்தையை நோக்குவதற்கு ஒரு தற்செயல் வேண்டியிருந்தது.

இது மிகை என்பார் 1848-49 குளிர்காலத்தை நினைக்க. இலண்டனையடுத்த டூட்டிங்கில், ஏழைப் பிள்ளைகளைத் தலைக்கு இவ்வளவென்று பெற்று வளர்த்த துரூவே என்பவரின் விடுதியில் 150க்கு மேற்பட்ட பிள்ளைகள் வாந்திபேதியால் மாண்டனர். அவ்விடுதியையும் பொறுப்பாளர் பார்வையிட்டு மனநிறைவுடன் திரும்பியிருந்தனர். வழக்கில் துரூவே விடுவிக்கப்பட்டார். டிக்கன்ஸ் அதுபற்றிச் சினந்து கட்டுரைகள் எழுதினார்.

எனினும் இப்புதினத்தின் முடிவு எமக்கு நிறைவளிக்கவில்லை. ஆலிவரை மீட்போர் தந்தையின் நண்பரும் தாயின் உறவினருமே. மான் அம்மையாரிடம் உடன்வளர்ந்த டிக் என்னும் சிறுவனுக்குத் தேடிவர ஒருவருமில்லை. ஆலிவர் நல்வாழ்வு பெற்றுத் திரும்பும்போது அவன் இறந்துபோயிருக்கின்றான். சில சொற்களில் அதனைக் கூறிவிட்டுக் கதை மேற்செல்கின்றது. ஆசிரியர் அவ்விடத்தில் இன்னும் சற்று நின்றிருக்கலாம்.