தெப்பத்தில் விழுந்த தீ
(வெகுளாமை அதிகாரத்துக் குறள் ஒன்றின் உருவகம் பற்றிச் சில எண்ணங்கள்)



மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று சங்கத்து நண்பர்கள் கேட்டார்கள். நான் கல்லூரிப் படியேறித் தமிழ் படித்தவன் அல்லன். மீனாட்சிபுரத்தில் பாத்திரக் கடை வைத்திருக்கும் வியாபாரி. வந்தவாசிப் பக்கத்துச் சமணக் குடும்பம். கடையில் ஆள் இல்லாத மத்தியான வேளையில் கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்ததுதான் என் படிப்பு. அதனால் பெரிய விஷயம் எதையும் எடுக்காமல், ஒரே ஒரு குறளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். வெகுளாமை அதிகாரத்தின் ஆறாவது குறள், எண் 306.

அதன் பொருள் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் தெரியும். சினம் என்பது தன்னைச் சேர்ந்தவரைக் கொல்லும் தீ. அது அவருக்குப் பாதுகாப்பான இனம் என்னும் தெப்பத்தையும் எரித்துவிடும். இவ்வளவுதான் செய்தி. "கோபப்படாதே" என்று சொல்ல இது போதுமே, இதில் ஆராய என்ன இருக்கிறது என்று கேட்கலாம். இருக்கிறது. சினத்துக்குத் தீயை உவமை சொல்வது உலகத்தில் பல மொழிகளிலும் உண்டு. ஆனால் அந்தத் தீயைக் கொண்டுபோய் ஒரு தெப்பத்தின் மேல் வைத்தது வள்ளுவர் செய்த காரியம். வீட்டின் மேல் வைக்கலாம், வைக்கோற்போரின் மேல் வைக்கலாம். ஏன் தெப்பம்? என் கட்டுரை முழுவதும் இந்த ஒரு கேள்விதான்.

தீக்கு இட்ட பெயர்

முதலில் தீயைப் பார்ப்போம். குறளில் 'தீ' என்ற சொல்லே கிடையாது. 'நெருப்பு' என்ற சொல்லும் கிடையாது. அடைந்தவரைக் கொல்வது எது என்று தொழிலைச் சொல்லி, அந்தத் தொழிலையே பெயராக வைத்துவிட்டார். பரிமேலழகர் இதை 'ஏதுப்பெயர்' என்கிறார். காரணம் பற்றி வந்த பெயர் என்று பொருள். வடமொழி அமரகோசத்திலும் தீக்கு 'ஆச்ரயாசன்' என்று ஒரு பெயர் உண்டு. தனக்கு இடம் கொடுத்ததையே தின்பவன் என்று அர்த்தம்.

ஏன் நேராகத் தீ என்று சொல்லவில்லை? தீ என்றால் நமக்கு அடுப்பும் ஞாபகம் வரும், விளக்கும் ஞாபகம் வரும். தீயில் நல்ல குணமும் இருக்கிறது. நம்மில் பலபேர், "கொஞ்சம் கோபம் இருந்தாத்தான் ஆளுங்க பயப்படுவாங்க, கடை நடக்கும்" என்று சொல்வதில்லையா? அந்த வாதத்துக்கு இடமே கொடுக்காமல், தீயின் ஒரே ஒரு குணத்தை மட்டும் பிரித்தெடுத்துப் பெயராக வைத்தார். இந்தத் தீயில் சோறு பொங்காது. இடம் கொடுத்தவனைத் தின்னும், அவ்வளவுதான்.

பரிமேலழகர் இன்னொரு நுட்பமும் காட்டுகிறார். உலகத்து நெருப்பு, தான் சேர்ந்த இடத்தை மட்டும் சுடும். இந்த நெருப்பு சேராத இடத்தையும் சுடும். கோபம் இருப்பது ஒருவன் நெஞ்சில். எரிவது அவனுக்குத் துணையாக நிற்கும் இன்னொருவர்.

தெப்பம் என்றால் என்ன

இனித் தெப்பத்துக்கு வருவோம். குறளில் உள்ள சொல் 'புணை'. பிணைத்துக் கட்டியது புணை. தேக்கடியிலும் பரம்பிக்குளத்திலும் மூங்கில் தெப்பத்தில் போனவர்கள் நம்மில் உண்டு. படகுக்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனித்திருப்பீர்கள். தெப்பம் என்பது பல மூங்கில்கள்; அவற்றை ஒன்றாக வைத்திருப்பது கட்டு. கட்டு போனால் மூங்கில்கள் அப்படியே மிதக்கும். ஆனால் தெப்பம் இருக்காது.

தெப்பத்தில் தீ பிடித்தால் முதலில் போவது கட்டுக்கயிறுதான். குடும்பத்தில் கோபம் செய்வதும் இதுதான் என்று நினைக்கிறேன். அண்ணன் இருக்கிறான், தம்பி இருக்கிறான், மச்சான் இருக்கிறான்; ஆள் யாரும் செத்துப்போகவில்லை. ஆனால் கட்டு போய்விட்டது.

இன்னொன்று. மரம் காய்ந்திருந்தால்தான் நன்றாக மிதக்கும். காய்ந்த மரம்தான் சீக்கிரம் பற்றிக்கொள்ளும். எது நம்மைத் தாங்குகிறதோ அதுதான் சுலபமாக எரியக்கூடியது. வெளியாளிடம் நாம் கோபப்பட்டால் அவன் திருப்பிக் கோபப்படுவான், போவான். நம்மவரிடம் கோபப்பட்டால் அவர் வேகிறார்.

வீடு எரிந்தால் வாசல் வழியாக ஓடலாம். தெப்பம் எரிந்தால் ஓட இடம் ஏது? சுற்றிலும் தண்ணீர். அணைக்கத்தக்க தண்ணீர் அத்தனையும் அங்கேதான் இருக்கிறது. அதுவே மூழ்கடிக்கவும் போகிறது. அந்தத் தண்ணீரைக் குறள் சொல்லவே இல்லை. தெப்பம் என்று சொன்னதிலேயே அது வந்துவிடுகிறது. இதைத்தான் இலக்கணக்காரர்கள் 'ஏகதேச உருவகம்' என்பார்கள். ஒன்றை உருவகம் செய்துவிட்டு அதோடு சேர்ந்ததை நம் ஊகத்துக்கு விடுவது. இங்கே விடப்பட்டது பிறவிக் கடல் என்று பரிமேலழகர் விளக்குகிறார்.

வியாபாரிகளுக்காக ஒரு செய்தி. பழைய தமிழில் 'புணைபடுதல்' என்றால் ஒருவனுக்காகப் பிணை நிற்பது, நாம் ஜாமீன் என்கிறோமே அது. நம் கடனுக்குக் கையெழுத்துப் போட்டவரும் புணைதான். குறளில் பொருள் தெப்பமே. ஆனாலும் நமக்காக ஈடு நிற்பவர் என்ற எண்ணமும் அந்தச் சொல்லுக்குள் ஒலிக்கிறது.

இனம் யார்?

இங்கேதான் உரைகாரர்களிடையே வேறுபாடு. இந்தக் குறள் துறவறவியலில் இருப்பதால், இனம் என்பது முற்றும் துறந்து, தவத்தாலும் ஞானத்தாலும் பெரியவராகி, கேட்பவருக்கு நன்மை தரும் சொல்லை இனிதாகச் சொல்பவர்கள் என்று பரிமேலழகர் கொண்டார். அவர்களே பிறவிக் கடலைக் கடத்தி வீடு என்னும் கரையில் சேர்க்கும் தெப்பம். இந்தக் காலத்து உரைகள் பலவும் இனம் என்பதைச் சுற்றத்தார், நண்பர் என்று பொதுவாக எடுத்துக்கொள்கின்றன.

எது சரி? எளியேன் கருத்து இது. இடத்தை நோக்கினால் பரிமேலழகர் சொல்வதே பொருந்தும். ஆனால் அவர் தந்த இலக்கணத்தை வைத்தே இல்லறத்தாருக்கும் பொருள் கொள்ளலாம். சொந்தக்காரர் என்பதால் ஒருவர் தெப்பம் ஆகிவிடுவதில்லை. நன்மையான சொல்லைச் சொல்பவர் என்பதால்தான் ஆகிறார். அப்படிப் பார்த்தால் மனைவி தெப்பம், சிநேகிதர் தெப்பம், கடையில் "முதலாளி, இந்தக் கணக்கு சரியா வராதுங்க" என்று தைரியமாகச் சொல்லும் கணக்குப்பிள்ளையும் தெப்பம்தான்.

'சுடும்' என்ற சொல்லுக்கு 'அகற்றும்' என்று பொருள் கொள்ளச் சொல்கிறார் பரிமேலழகர். இது எனக்கு மிகப் பெரிய உரையாகப் படுகிறது. கோபக்காரனிடமிருந்து எல்லோருமா அகலுகிறார்கள்? இல்லை. முகத்துதி பாடுகிறவன் போகமாட்டான். அவனுக்குக் கோபத்தைத் தாங்கிக்கொள்வதே பிழைப்பு. உண்மை சொல்கிறவன் மட்டும் ஒதுங்கிக்கொள்வான்.

எங்கள் எல்லைச் சந்தைகள் ஒன்றில் அண்ணன் தம்பி இருவர் கூட்டாக வியாபாரம் செய்தார்கள். பெரியவருக்கு முன்கோபம். வருஷக் கணக்கு முடிக்கும்போது, கடனில் போன சரக்கு அதிகம் என்று தம்பி ஒரு வார்த்தை சொன்னார். ஆட்கள் முன்னாலேயே பெரியவர் பேசக்கூடாததைப் பேசிவிட்டார். தம்பி சண்டை போடவில்லை. தன் பங்கையும் உடனே கேட்கவில்லை. அடுத்த வருஷத்திலிருந்து கணக்கைப் பார்க்க வராமலே இருந்துவிட்டார். கொஞ்ச நாளில் கணக்குப்பிள்ளையும் வேறு கடைக்குப் போனார். அப்புறம் நிலுவை ஏறிக்கொண்டே போனதைச் சொல்ல அந்தக் கடையில் ஆள் இல்லை. கடை முழுகிய பிறகுதான் பெரியவருக்கே தெரிந்தது. தீ எரிந்ததை ஊரில் யாரும் பார்க்கவில்லை. 'அகற்றும்' என்ற உரைக்கு இதைவிட உதாரணம் வேண்டியதில்லை.

குறள் நிற்கும் வரிசை

பரிமேலழகர் வைத்த வரிசையையும் பார்க்க வேண்டும். நான்காம் குறள், சினம் சிரிப்பையும் மகிழ்ச்சியையும் கொல்கிறது என்கிறது. ஐந்தாம் குறள், காக்காவிட்டால் அது தன்னையே கொல்லும் என்கிறது. ஆறாவதில்தான் இனம் எரிகிறது. தன்னையே கொன்ற பிறகு இன்னும் என்ன மிச்சம்? மிச்சம் இருப்பது, விழுந்தவனைத் தூக்கிவிட வருகிறவர்கள். தன்னையும் வீழ்த்தி, எடுப்பவரையும் விரட்டும் என்று பரிமேலழகர் உரையை முடிக்கிறார். விழுவது ஒரு கேடு. தூக்க ஆள் இல்லாமல் விழுவது அதைவிடப் பெரிய கேடு. ஆகவே வரிசை சரியாகவே ஏறுகிறது.

கண்ணகியின் தீ

இங்கே ஒரு கேள்வி எழும். "சிலம்பில் கண்ணகி கோபப்பட்டாளே, மதுரையே எரிந்ததே, அவளைத் தெய்வமாகக் கும்பிடுகிறோமே?" நல்ல கேள்வி. இடுக்கி மாவட்டத்து எல்லையில் குமுளிக்கு மேலே மங்கலதேவி கண்ணகி கோயிலுக்கு வருஷம் ஒரு நாள், சித்திரைப் பௌர்ணமி அன்று, தமிழரும் மலையாளிகளும் சேர்ந்துதான் மலை ஏறுகிறோம்.

ஆனால் இரண்டு தீயையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கண்ணகி எரியும் தீக்கடவுளுக்குக் கட்டளை இடுகிறாள்: பார்ப்பார், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், முதியவர், குழந்தைகள் இவர்களை விட்டுவிடு, தீயவர் பக்கம் சேர் என்று. அவள் தீ ஆள் பார்த்து எரிந்தது. குறள் சொல்லும் தீக்கு ஆள் பார்க்கத் தெரியாது. பக்கத்தில் இருப்பவரைத்தான் முதலில் பிடிக்கும். அதோடு, கண்ணகி கோபப்பட்ட நேரத்தில் அவளுடைய தெப்பமாகிய கோவலன் ஏற்கனவே போய்விட்டான். நம் வீட்டுக் கோபம் எதற்கும் கண்ணகியைச் சாட்சிக்கு அழைக்க முடியாது.

எல்லையில் எரிந்த தெப்பம்

தனி மனிதனுக்கு மட்டும் அல்ல, ஊருக்கும் இந்தக் குறள் பொருந்தும். 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு விஷயம் கொதித்தபோது குமுளி எல்லை அடைபட்டது. இடுக்கியின் ஏலத் தோட்டங்களில் வேலை செய்த தமிழர் பலர், பயந்து, கிடைத்ததை எடுத்துக்கொண்டு தேனிப் பக்கம் மலை இறங்கினார்கள். தமிழ்நாட்டில் மலையாளிகளின் கடைகள் தாக்கப்பட்டன. யார் பக்கம் நியாயம் என்பது இங்கே பேச்சு அல்ல. இடுக்கியில் விளையும் ஏலக்காய் போடிநாயக்கனூரில் ஏலம் போகிறது. அதைப் பறிக்கும் கை தமிழ்க் கை. தேனியின் காய்கறி கேரளத்து அடுப்பில் வேகிறது. இரண்டு பக்கத்தாரும் ஒரே தெப்பத்தில் இருப்பவர்கள். அந்த வாரங்களில் எரிந்தது அதுதான்.

எங்கள் சித்தூர்ப் பக்கத்திலும் தண்ணீர்ச் சச்சரவு உண்டு. பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தம் 1970இல் கையெழுத்தானது. மணக்கடவில் ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் கேரளத்துக்கு என்று கணக்கு. குறைந்தால் சத்தம் எழும். இரு மாநில அதிகாரிகளும் உட்கார்ந்து பேசுவார்கள். அந்தப் பேச்சுத்தான் கட்டுக்கயிறு. மாநிலத்துக்கு வெளியே வாழும் நமக்கு இது மிகவும் தெரிய வேண்டிய பாடம். நமக்கு இனம் என்பது தமிழர் மட்டும் அல்ல. இந்த மண்ணில் நம்மைத் தாங்குகிற பக்கத்து வீட்டு மலையாளியும்தான்.

எரிந்த கட்டை மறுபடி கட்ட முடியுமா?

இதற்குக் குறளில் விடை இல்லை. சமண நூல்களில் இருக்கிறது. குரோதம், மானம், மாயை, லோபம் என்ற நான்கையும் நாங்கள் கஷாயம் என்போம். பத்தாம் நூற்றாண்டில் நேமிசந்திரர் எழுதிய கோம்மடசாரம், குரோதத்தை நான்கு கோடுகளால் அளக்கிறது: கல்லில் விழுந்த பிளவு, நிலத்தில் விழுந்த வெடிப்பு, புழுதியில் இழுத்த கோடு, தண்ணீரில் இழுத்த கோடு. கோபத்தின் வாசனை நெஞ்சில் தங்கும் காலத்தையும் அது சொல்கிறது. மிக லேசானதற்கு ஒரு முகூர்த்தத்துக்குள். அடுத்ததற்குப் பதினைந்து நாள். அதற்கடுத்ததற்கு ஆறு மாதம். மிகக் கொடியது பிறவி பிறவியாகத் தொடரும்.

சமண முனிவர்கள் பாடியதாகச் சொல்லப்படும் நாலடியாரின் சினமின்மை அதிகாரமும் இதையே நம் சமையல்கட்டிலிருந்து சொல்கிறது: சான்றோர் கோபம் காய்ச்சிய தண்ணீரின் சூடு போலத் தானே ஆறிவிடும், கீழோர் கோபம் எத்தனை காலம் ஆனாலும் தணியாமல் பரவும். ஆகக் கோபம் வந்ததா என்பதோடு, எத்தனை நாள் வைத்திருந்தோம் என்பதும் கணக்கு. நீரில் கோடு போட்டவன் அன்று மாலையே கயிற்றை முடிந்துவிடலாம். கல்லில் கோடு போட்டவனுக்குக் கயிறும் மிஞ்சாது, தெப்பமும் மிஞ்சாது.

எங்கள் தசலட்சணப் பருவத்தின் பத்து நாளில் முதல் நாள் உத்தம க்ஷமை, அதாவது பொறுமைக்கு உரியது. பருவம் முடிந்ததும் பெரியவர் சிறியவர் என்று பாராமல் ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்போம். இதைச் செய்யச் சமணராக இருக்க வேண்டும் என்பதில்லை. இந்த வருஷப் பொங்கலுக்கோ விஷுவுக்கோ, பேச்சு நின்றுபோன ஒரு வீட்டுக்கு ஒரு கிலோ வெல்லத்தோடு போய்வரலாம்.

பிள்ளைகளுக்கு இந்தக் குறளைச் சொல்லிக்கொடுக்கும்போது, "கோபம் கெட்டது" என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். ஒரு தாளில் ஆற்றையும், தெப்பத்தையும், அதன் மேல் ஓர் ஆளையும் வரையச் சொல்லுங்கள். பிறகு தீயை எங்கே வைப்பது என்று அவர்களையே கேளுங்கள்.