மேலூர்க் கன்னமும் மும்பை மருந்தும்

மதுரை மாவட்டத்து மேலூர்ப் பெட்டிக்கடையில் பாக்கும் புகையிலையும் பக்கம் பக்கமாகத் தொங்கும். திட்டு வாங்குவது புகையிலை மட்டும்தான். புகையிலை சேராத பாக்கே புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வெளியிட்ட அறிக்கை நம் ஊர் வெற்றிலைப் பெட்டிகளை இன்னும் எட்டவில்லை.

பாக்கின் அரிக்கோலின் உறுத்த உறுத்த, கன்னத்துக்குள் டிஜிஎஃப்-பீட்டா என்ற சமிக்ஞை ஏறுகிறது. அதைக் கேட்ட நார்ச்செல்கள் கொலாஜனைக் கொட்டுகின்றன. பாக்கிலுள்ள செம்பு, லைசில் ஆக்ஸிடேஸ் என்ற நொதியைத் தூண்டி அந்த நாரை இறுக்கிவிடுகிறது. கன்னம் வெளிறும், காரம் பட்டால் எரியும், வாயில் இரண்டு விரல்கூட நுழையாது. எல்லோருக்கும் இது புற்றாவதில்லை. எர்ணாகுளம் மாவட்டத்தில் இப்படிக் கன்னம் இறுகிய 66 பேரை 17 ஆண்டுகள் கவனித்ததில் 7.6 விழுக்காட்டினருக்குப் புற்று வந்தது. சின்னக் கணக்குதான், ஆனாலும் அலட்சியப்படுத்த முடியாது.

இறுகிய கன்னத்தை மண் என்று கொண்டால், புற்றுச்செல்தான் விதை. புற்று பரவுவதை இப்படி விதையும் மண்ணுமாக 1889-லேயே பார்த்தவர் லண்டன் மருத்துவர் ஸ்டீஃபன் பேஜட். மருந்து ஆராய்ச்சியோ நெடுநாள் விதையின் பின்னாலேயே ஓடியது. புற்றுச்செல்லின் ஈஜிஎஃப்ஆர் வாங்கியை அடைக்கும் செடுக்சிமாப், 2008-இல் வெளியான ஐரோப்பிய ஆய்வில், தலை, கழுத்துப் புற்று முற்றியவர்களின் இடைநிலை ஆயுளை 7.4 மாதத்திலிருந்து 10.1 மாதமாக்கியது. அவ்வளவுதான்.

மும்பை டாடா நினைவு மருத்துவமனை 2022-இல் வெளியிட்ட ஆய்வு வேறு வழியில் போனது. தலை, கழுத்துப் புற்று முற்றிய 151 நோயாளிகள். இரு பிரிவினருக்கும் மெத்தோட்ரெக்சேட், செலிகாக்சிப், எர்லோடினிப் மாத்திரைகள். ஒரு பிரிவினருக்கு மட்டும் கூடுதலாக மூன்று வாரத்துக்கு ஒருமுறை நோயெதிர்ப்புச் செல்லின் தடையை நீக்கும் நிவோலுமாப் 20 மில்லிகிராம். வழக்கமான அளவு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 240 மில்லிகிராம். ஓராண்டு பிழைத்தவர்கள் 16.3 விழுக்காட்டிலிருந்து 43.4 ஆனார்கள். ஈஜிஎஃப்ஆரை அடைக்கும் எர்லோடினிப் இரு பக்கமும் இருந்ததால், கிடைத்த லாபம் நோயெதிர்ப்புச் செல்லின் தடையை நீக்கியதால் வந்தது. நோயெதிர்ப்புச் செல்லும் விதையைச் சுற்றிய மண்ணின் பகுதிதான் என்பதால், மண்ணின் கட்சிக்கு இது வலுவான சாட்சி.

குறையும் உண்டு. இடைநிலை ஆயுள் 6.7-இலிருந்து 10.1 மாதம்தான். ஒரே மருத்துவமனை, முழு அளவு மருந்தோடு ஒப்பிடவில்லை. ஆகவே ‘சின்ன டோஸே போதும்’ என்று கொண்டாடுவது அவசரம். முழு டோஸ் வாங்க வழியில்லாதவருக்கு ஒன்றுமே தராமல் இருப்பதைவிட இது மேல் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. மதுரை ராஜாஜி மருத்துவமனைக்கு வரும் மேலூர்க்காரருக்கும் இது கிடைக்கவேண்டும்.

கன்னம் இறுகும் கட்டத்தில்தான் இந்த அறிவியல் தோற்கிறது. டிஜிஎஃப்-பீட்டாவின் பங்கு தெரிந்தும், அதை அடக்கும் மருந்து இந்நோய்க்கு வழக்கத்துக்கு வரவில்லை. இன்றும் பெரும்பாலும் ஸ்டீராய்டு ஊசியும் வாய் திறக்கும் பயிற்சியும்தான்.