முன்சீபின் நாவலும் முடியாத வாய்தாவும்

தமிழின் முதல் நாவல் என்று பெயர்பெற்ற ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ 1879இல் வெளிவந்தது. அதை எழுதிய வேதநாயகம் பிள்ளை மாயூரத்தில் முன்சீபாக இருந்தவர். அந்நூலின் நகைச்சுவையும் நீதிபோதனையும் நம்மவர் நன்கறிந்தவை. நீதிமன்றத்தை உள்ளிருந்தே கண்ட ஒருவர் நீதி பரிபாலனம் பற்றி அந்நாவலில் எதைச் சொன்னார், எதைச் சொல்லாது விட்டார் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

சொன்னவற்றுள் தலையாயது மொழி. தமிழ் வழக்காளியின் வழக்கைத் தமிழறிந்த வக்கீல் தமிழ்நாட்டு மன்றத்தில் ஆங்கிலத்தில் வாதிடும் அவலத்தை அவர் எள்ளி நகையாடுகிறார். எள்ளியதோடு அவர் நிற்கவில்லை. 1805 முதல் 1861 வரையிலான உயர்மன்றத் தீர்ப்புகளைத் தமிழாக்கிச் ‘சித்தாந்த சங்கிரகம்’ என்ற பெயரில் தந்தார். அவர் விரும்பியபடி கீழ்மன்றங்களில் தமிழ் நடைபெறச் சட்டம் 1976இல்தான் வழிசெய்தது. உயர்நீதிமன்றத்திலும் தமிழ் வேண்டுமென 2006இல் சட்டப்பேரவை தீர்மானம் நிறைவேற்றியும், அதற்குரிய இசைவு இன்னும் கிட்டவில்லை.

குறை எங்கே? நாவலில் ஆண்வேடம் பூண்டு விக்கிரமபுரியை ஆளும் ஞானாம்பாளின் அறிவும் அறமுமே அந்நாட்டின் நீதியாகி விடுகின்றன. அரியணையில் நல்லவர் அமர்ந்தால் போதும், நியாயம் தானே நடக்கும் என்ற எண்ணம் வாசகர் உள்ளத்தில் பதிகிறது. எத்தனை நீதிபதிகள் வேண்டும், எத்தனை நாளில் வழக்கு முடிய வேண்டும், எழுத்தருக்கும் அமீனாவுக்கும் யார் சம்பளம் தருவது என்பவற்றைப் பற்றி, அன்றாடம் அவற்றோடு மல்லாடிய முன்சீபின் கதை பேசுவதில்லை. நாவலின் சுவைக்கு இது குறையன்று. நீதி பற்றிய அதன் போதனைக்கு இது பெருங்குறை.

கலீபா உமர் (ரலி) அவர்கள் அபூ மூஸா அல் அஷ்அரீ (ரலி) அவர்களுக்கு எழுதியதாக வழங்கும் கடிதத்தை இதனருகே வைத்துப் பார்க்கலாம். அதுவும் நற்குணத்தைப் போதிக்கிறது. இரு தரப்பாரையும் ஒரே முகத்தோடு நோக்கச் சொல்கிறது. ஆயினும் குணத்தோடு முறையையும் அது வகுக்கிறது. சான்றைக் கொண்டுவர அவகாசம் கேட்பவனுக்கு ஒரு கெடு குறிக்க வேண்டும். அதற்குள் கொணர்ந்தால் உரிமையை வழங்க வேண்டும். தவறினால் அவனுக்கு எதிராகத் தீர்ப்பளிக்க வேண்டும். கெடு என்பது முடிவுக்காகக் குறிக்கப்படுவது என்பதே அதன் கருத்து.

நம் நீதிமன்றச் சொற்களான வக்கீல், தாவா, ஜாமீன், ஆஜர் யாவும் அரபு மூலத்தவை. ‘முன்சீப்’ என்பது சரிபாதி எனப் பொருள்படும் ‘நிஸ்ஃப்’ என்னும் வேரில் பிறந்து, இரு தரப்புக்கும் சமநியாயம் செய்பவரைக் குறிப்பது. ‘வாய்தா’வின் மூலமோ வாக்குறுதி எனப் பொருள்படும். வாக்குறுதியைக் குறித்த சொல் ஒத்திவைப்பைக் குறிப்பதாக மாறிய கதையில் நம் நீதித்துறையின் வரலாறே அடங்கியிருக்கிறது.

திண்டுக்கல் சமவெளியில் வழக்கென்றால் பெரும்பாலும் வரப்பு, கிணற்றுப் பங்கு, பூர்வீக வீட்டின் பாகம், கைவிடப்பட்ட பெண்ணின் ஜீவனாம்சம். இடைக்கால ஜீவனாம்ச மனுவை இயன்றவரை 60 நாட்களுக்குள் முடிக்கவேண்டும் என்று 2001ஆம் ஆண்டின் திருத்தம் கூறிற்று. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டமும் அவ்வாறே கூறுகிறது. கெடு இருக்கிறது, அதைக் காக்கும் கைகள் போதவில்லை. பத்து லட்சம் மக்களுக்குச் சுமார் பத்து நீதிபதிகளே உள்ளனர், ஐந்தாண்டுகளில் அதை ஐம்பதாக்குக என்று சட்ட ஆணையம் 1987இல் பரிந்துரைத்தது. 2002இல் உச்சநீதிமன்றமும் அதை வலியுறுத்தியது. இன்றும் நாடு அதில் பாதியை எட்டவில்லை. கீழ்மன்றங்களில் மட்டும் நான்கு கோடிக்கு மேற்பட்ட வழக்குகள் தேங்கிக் கிடக்கின்றன.

ஏற்பாடு மாறினால் நிலை மாறும் என்பதற்கு நம் ஊரே சான்று. 2004இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை திறக்கப்படும்வரை, மேல்முறையீட்டுக்குத் திண்டுக்கல்லார் நானூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து சென்னைக்குப் போகவேண்டியிருந்தது. இன்று காலையில் புறப்பட்டு மாலையில் வீடு திரும்புகிறார்கள். நீதிபதிகளின் குணம் ஓரிரவில் உயர்ந்ததால் வந்த நன்மையன்று இது. கட்டடமும் பதவிகளும் பணமும் ஒதுக்கப்பட்டதால் வந்தது.

மக்கள் நீதிமன்றத்தின் சமரசமே போதுமே என்பார் உளர். சமரசம் நல்லதே, உமரின் கடிதமும் அதை ஏற்கிறது. ஆனால் ஹலாலை ஹராமாக்கும், ஹராமை ஹலாலாக்கும் சமரசம் ஆகாதென்று எல்லையும் இடுகிறது. பத்தாண்டு அலைந்து களைத்த விதவை, தன் பாகத்தில் பாதியை விட்டுக்கொடுத்துக் கையொப்பமிட்டால் அதைச் சமரசம் என்பதா, சலிப்பு என்பதா?

வேதநாயகர் நல்ல முன்சீபை நமக்குக் காட்டினார். அதற்காக அவரை என்றும் வாசிப்போம். அந்த முன்சீபின் மேசைமேல் மலையாகக் குவிந்த கட்டுகளைக் காட்டும் நாவல் தமிழுக்கு இன்னும் தேவை. வாக்குக் கேட்டு வாசலில் நிற்போரிடம், காலியான நீதிபதி இடங்களை எப்போது நிரப்புவீர்கள் என்று கேட்கும் வாசகர்களும் தேவை.