ஃப்ராங்கின் விரல்கள்

ஆர்கனில் கட்டையை எவ்வளவு ஓங்கி அழுத்தினாலும் ஓசை கூடாது. விரலை எடுத்த கணமே குழாயில் காற்று நின்று ஸ்வரம் அறுந்துவிடும். பியானோவில் இருப்பதுபோல் ஒலியை நீட்டித் தரும் மிதிகட்டையும் கிடையாது. அதனால் தேர்ந்த கலைஞர் அழுத்திய கட்டையை விடாமலே விரல் மாற்றுவார். ஆட்காட்டி விரல் பிடித்திருந்த ஸ்வரத்தைச் சுண்டுவிரல் சத்தமில்லாமல் வாங்கிக்கொள்ளும். கீழே கால்கள், நுனியும் குதிகாலுமாக, மந்திர ஸ்தாயியில் நடந்துகொண்டிருக்கும். ஆர்கன் கலைஞரும் இசையமைப்பாளருமான சீசர் ஃப்ராங்கின் இசையில் எனக்கு மிகவும் பிடித்தது இந்தப் பொறுமைதான். அரை அரை ஸ்வரமாக நகரும் அவருடைய மெட்டுகளில் எங்கும் தையல் தெரிவதில்லை.

பாரிஸின் சான்த் க்ளோதில்த் தேவாலயத்தில் 1890இல் இறக்கும்வரை அவர் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆர்கன் வாசித்தார். காவாயே-கோல் கட்டிய அந்த ஆர்கனில் ஒரு பகுதிக் குழாய்கள் மரப்பெட்டிக்குள் இருக்கும். அதன் பலகைகளைக் காலால் மெல்லத் திறக்க, தொலைவில் கேட்ட நாதம் நெருங்கி வரும். பூசை நடுவே அவர் மனோதர்மமாக வாசித்தவை எழுதப்படாமலே போனது பெரிய இழப்பு. 1872 முதல் கன்சர்வேட்டரி இசைக் கல்லூரியில் அவர் நடத்திய ஆர்கன் வகுப்பிலும் மனோதர்மத்துக்குத்தான் முதலிடம். அங்கே பயின்ற லூயி வியேர்ன், ஏறக்குறையப் பார்வையற்றவர், பின்னாளில் நோத்ர் தாம் பேராலயத்தின் ஆர்கன் கலைஞரானார். ஃப்ராங்க் கடைசி ஆண்டில் எழுதிய கொரால் என்னும் மூன்று ஆர்கன் படைப்புகளில் ஏ மைனரில் உள்ளதை முதலில் கேளுங்கள். நடுவில் வரும் மெதுவான பகுதியை இரண்டு முறை கேளுங்கள்.